கழிவுநீரில் நிற்கும் செடிக்குள் என்ன நடக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலாற்றுப் பக்கம் பிறந்து தாவரவியல் படித்தவன் நான். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரத்தில் விவசாயிகளோடும் மாணவர்களோடும் பேச உட்கார்ந்தால், தோல் ஷாப்புத் தண்ணீரில், அதாவது தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீரில், தொடங்கும் பேச்சு சீக்கிரமே செடிகளுக்கு வந்துவிடும். "அந்தத் தண்ணியிலயும் இது மட்டும் எப்படிப் பச்சையா நிக்குது?" என்று யாராவது கேட்பார்கள். அப்படிக் கேட்கப்பட்டவற்றுள் திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கடைசிவரை படிக்க நேரமில்லாதவர்கள் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். எந்தச் செடியாலும் உலோகத்தை அழிக்க முடியாது. அதை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் வைக்க மட்டுமே முடியும். ஆகவே, செடியின் எந்தப் பாகத்தில் உலோகம் தங்குகிறது, அந்தப் பாகம் பிறகு எங்கே போகிறது என்ற இரண்டையும் விடாமல் கேட்க வேண்டும்.

கன உலோகம் என்றால் எடை அதிகமான உலோகமா?

பெயர் அப்படித்தான் வந்தது. ஆனால் நாம் கவலைப்படுவது எடையைப் பற்றி அல்ல. ஈயம், காட்மியம், பாதரசம், குரோமியம், நிக்கல் போன்றவை மிகக் குறைந்த அளவிலேயே உயிருக்குத் தீங்கு செய்பவை. ஆர்சனிக் முழு உலோகம் இல்லை என்றாலும் இதே பட்டியலில்தான் வைப்பார்கள். துத்தநாகமும் தாமிரமும் செடிக்குக் கொஞ்சம் தேவை, அளவு மீறினால் நஞ்சு. இந்தியக் குடிநீர்த் தரப்படி ஒரு லிட்டரில் குரோமியம் 0.05 மில்லிகிராம், ஈயம் 0.01 மில்லிகிராம், காட்மியம் 0.003 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. பூச்சிமருந்து போலவோ சாக்கடைக் கழிவு போலவோ இவை காலப்போக்கில் மக்கிப் போவதில்லை. தாத்தா காலத்தில் கழனியில் இறங்கிய குரோமியம் பேரன் காலத்திலும் அதே குரோமியம்தான்.

நஞ்சு என்று தெரியாமல் வேர் ஏன் அதை உள்ளே விடுகிறது?

வேருக்கு "நஞ்சு" என்று ஒன்று தெரியாது. அதற்குத் தெரிந்தது வாசல்கள் மட்டுமே. வேர்ச் செல்லின் சவ்வில் இரும்புக்கு, மாங்கனீசுக்கு, பாஸ்பேட்டுக்கு, சல்பேட்டுக்கு என்று தனித்தனியாகப் புரத வாசல்கள் உண்டு. அளவிலும் மின்னூட்டத்திலும் ஒத்திருக்கிற அந்நியன் வந்தால் அந்த வாசல் ஏமாந்துவிடும்.

ஆர்சனேட் பார்வைக்கு அப்படியே பாஸ்பேட் போல இருக்கும், ஆகவே பாஸ்பேட் வாசல் வழியாக நுழைகிறது. குரோமேட், சல்பேட்டின் வேடத்தில் வருகிறது. காட்மியம் இரும்பு வாசலிலும் துத்தநாக வாசலிலும் புகும், நெல்லில் பெரும்பாலும் மாங்கனீசு வாசல் வழியாக. இதில் ஒரு நடைமுறைப் பாடம் இருக்கிறது. இரும்புச் சத்தோ துத்தநாகச் சத்தோ குறைந்த மண்ணில் செடி பசியோடு இருக்கும், அந்த வாசல்களை அதிகமாகத் திறந்து வைக்கும், காட்மியமும் அதிகமாக ஏறும். நல்ல ஊட்டம் உள்ள கழனியில் நஞ்சு ஏறுவது குறைவதற்கு இது ஒரு காரணம்.

வாசலுக்கு வெளியிலும் காவல் உண்டு. வேர் நுனியைச் சுற்றியுள்ள வழவழப்பான பசையும், செல் சுவரில் உள்ள பெக்டின் என்ற பசைப்பொருளும் உலோக அயனிகளைப் பிடித்து நிறுத்துகின்றன. ஈயத்தின் பெரும் பகுதி அங்கேயே சிக்கிக்கொள்ளும். சேற்றில் நிற்கும் நெல், நாணல், சம்பங்கோரை போன்றவற்றுக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு. இலையிலிருந்து காற்றறைகள் வழியே ஆக்சிஜனைக் கீழே அனுப்பி வேரைச் சுற்றிக் கசியவிடுகின்றன. சேற்றில் கரைந்திருக்கும் இரும்பு அந்த ஆக்சிஜன் பட்டுத் துருவாகி வேர்மேல் படிகிறது. நாற்றைப் பிடுங்கினால் வேர் செம்பழுப்பாக இருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான். அந்தத் துருப் படலம் ஆர்சனிக்கையும் இன்னும் சில உலோகங்களையும் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்கிறது.

உள்ளே போய்விட்டது. பிறகும் செடி ஏன் சாவதில்லை?

பெரும்பாலான செடிகள் சாகத்தான் செய்யும், அல்லது குறுகி, வெளிறி, வேர் தடித்துப் போகும். தப்பிப் பிழைப்பவை ஒரே தந்திரத்தைத்தான் பல வடிவங்களில் செய்கின்றன: உலோகத்தைத் தனியாகச் சுற்றவிடாமல் கட்டிப்போட்டு, வேலை நடக்காத இடத்தில் பூட்டி வைப்பது.

கட்டும் கயிற்றின் பெயர் பைட்டோகிலேட்டின். 1985இல் ஜெர்மனியில் கிரில், வின்னக்கர், ஸென்க் ஆகிய மூவரும் இதைக் கண்டறிந்தார்கள். அவர்கள் காட்மியம் ஊட்டி வளர்த்தது எந்தச் செடியின் செல்களை தெரியுமா? ரத்தக் கொதிப்புக்கு நாம் காலங்காலமாகப் பயன்படுத்திவந்த சர்ப்பகந்தாவின் செல்களை. செல்லில் எப்போதும் இருக்கும் குளூட்டத்தயோன் என்ற சிறு மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோத்து இந்தக் கயிறு திரிக்கப்படுகிறது. அதில் இருக்கும் கந்தக முனைகள் காட்மியத்தையும் ஆர்சனிக்கையும் இறுகப் பற்றிக்கொள்ளும். இதில் எனக்கு எப்போதும் வியப்பாக இருப்பது, திரிக்கும் நொதியை வேலைக்கு எழுப்புவதே அந்த உலோகம்தான் என்பது. உலோகம் வந்தால் கயிறு தயாராகும், உலோகமெல்லாம் கட்டப்பட்டதும் திரிப்பது நிற்கும்.

கட்டப்பட்ட மூட்டை செல்லின் நடுவே இருக்கும் வாக்குவோல் என்ற பைக்குள் தள்ளப்படுகிறது. ஒளிச்சேர்க்கையோ மூச்சோ அங்கே நடப்பதில்லை என்பதால் அது பாதுகாப்பான கிடங்கு. அங்கே சிட்ரிக் அமிலம், மாலிக் அமிலம் போன்றவையும் உலோகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இவ்வளவுக்குப் பிறகும் நழுவிய உலோகம் செல்லுக்குள் தீங்கான ஆக்சிஜன் வடிவங்களைக் கிளப்பிவிடும். அவற்றை அணைக்கத் தனி நொதிகள் இருக்கின்றன. சில செடிகள் உலோகத்தை இலைகளின் மேல்தோலிலும் நுண்மயிர்களிலும் ஒதுக்குகின்றன, முதிர்ந்த இலை உதிரும்போது அதோடு கொஞ்சம் வெளியேறும்.

இதற்கெல்லாம் செடி விலை கொடுக்கிறது. கயிறு திரிக்கச் செலவான கந்தகமும் நைட்ரஜனும் விளைச்சலுக்குப் போயிருக்க வேண்டியவை. கழிவுநீர்க் கழனியில் பயிர் சாகவில்லை, ஆனால் மணி பிடிக்கவில்லை என்று விவசாயி சொன்னால் அது வெறும் புலம்பல் இல்லை.

எல்லாச் செடிகளும் இப்படித்தானா?

இல்லை. மூன்று விதமான குணங்களைப் பார்க்கலாம். ஒன்று, உள்ளே விடாமல் வேரிலேயே நிறுத்துவது. மிகப் பெரும்பாலான செடிகள் இந்த வகை. இரண்டாவது, மண்ணில் எவ்வளவோ அதற்கேற்ப உடம்பிலும் ஏற்றிக்கொள்வது. மூன்றாவது வகை மிக அபூர்வம்: தேடிப்பிடித்து இலையில் குவிப்பது. இவற்றை மீத்திரட்டிகள் என்று சொல்லலாம். ஒரு கிலோ உலர்ந்த இலையில் நிக்கலோ ஆர்சனிக்கோ 1 கிராமைத் தாண்டினால், காட்மியம் 100 மில்லிகிராமைத் தாண்டினால் அந்தப் பெயருக்குத் தகுதி. உலகில் இதுவரை 700க்குச் சற்று மேற்பட்ட இனங்கள்தாம் தெரியும், அவற்றில் பெரும்பாலானவை நிக்கல் சேர்ப்பவை.

பசிபிக் தீவான நியூ கலிடோனியாவில் பிக்னாண்ட்ரா அக்யூமினேட்டா என்ற மரத்தின் பட்டையைக் கீறினால் நீலப்பச்சைப் பால் வடிகிறது. அந்தப் பாலை உலர்த்தினால் அதில் கால் பங்கு நிக்கல். 1976இல் இது வெளியானபோது நம்பவே கடினமாக இருந்திருக்கும். மலேசியாவின் சபா மாநிலத்தில் 2018இல் பெயரிடப்பட்ட ஃபில்லாந்தஸ் ரூஃபுசானேயி, நம் நெல்லிக்கும் கீழாநெல்லிக்கும் பங்காளி. அதன் உலர்ந்த இலையில் 2 சதவீதத்துக்கும் மேல் நிக்கல். அங்கே அதைப் பயிரிட்டு, அறுத்து, எரித்து, சாம்பலிலிருந்து நிக்கல் எடுக்கும் சோதனைகள் நடந்திருக்கின்றன.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், மரத்துக்குப் பூச்சி அரிக்காத மருந்து ஏற்றும் ஒரு பழைய இடத்தில் ஆர்சனிக் ஊறிய மண்ணில் ஒரு பெரணி மட்டும் செழித்து நின்றது. பெயர் ப்டெரிஸ் விட்டாட்டா. லீனா மா குழுவினர் 2001இல் அதைப் பற்றி எழுதினார்கள். சோதனையில் அதன் ஒரு கிலோ உலர் இலையில் 22 கிராமுக்கு மேல் ஆர்சனிக் ஏறியது. இது நம் ஊர்களிலும் சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய பழைய சுவர்களில் முளைக்கும் பெரணிதான்.

மற்ற செடிகளிலிருந்து இவற்றைப் பிரித்துக் காட்டுவது புதிய உறுப்பு எதுவும் இல்லை. எல்லாச் செடிக்கும் உள்ள அதே வாசல்களும் ஏற்றிகளும்தான், ஆனால் வேரிலிருந்து சைலத்துக்குள் (நீரை மேலே கொண்டுபோகும் குழாய்களுக்குள்) உலோகத்தை ஏற்றிவிடும் ஏற்றிகள் பல மடங்கு அதிகம். துத்தநாகம் சேர்க்கும் அரபிடாப்சிஸ் ஹல்லேரி என்ற சிறு செடியில் அந்த ஏற்றிக்கான மரபணு ஒன்றுக்கு மூன்று பிரதிகளாக இருக்கிறது. மற்ற செடி வேரில் பூட்டுவதை இது இலைக்கு அனுப்பிப் பூட்டுகிறது.

இப்படிச் சேர்த்து வைத்து அதற்கு என்ன லாபம்?

உலோகம் நிறைந்த இலையைப் புழுவும் பூச்சியும் தவிர்க்கின்றன என்பது பல சோதனைகளில் தெரிந்திருக்கிறது. முள்ளுக்குப் பதில் நிக்கல்.

தோல் ஷாப்புத் தண்ணீரில் வருவது குரோமியம்தானே? செடி அதை எடுக்குமா?

எங்கள் ஊர்க் கேள்வி என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு காலத்தில் இங்கே தோலை ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக்கணக்கில் பதனிட்டார்கள். குரோமியம் சல்பேட் வந்த பிறகு அதே வேலை ஒரு நாளில் முடிந்தது. ஆனால் பழைய முறையில் தொட்டியில் போட்ட குரோமியத்தில் ஏறக்குறைய 60 முதல் 70 சதவீதத்தைத்தான் தோல் பிடித்துக்கொள்ளும், மிச்சம் நீலப்பச்சைத் தண்ணீராக வெளியேறும். இப்போது மிஞ்சியதை மீட்டுத் திரும்பப் பயன்படுத்தும் வழிகள் இருக்கின்றன. அவை இல்லாமல் கழிந்த பல பத்தாண்டுகளின் சேமிப்பு மண்ணில் இருக்கிறது.

குரோமியத்துக்கு இரண்டு முகங்கள். தோல் பதனிடப் பயன்படுவது மூன்றாம் நிலைக் குரோமியம். இது மண்ணில் ஒட்டிக்கொள்ளும், எளிதில் நகராது, நச்சுத்தன்மை குறைவு. ஆறாம் நிலைக் குரோமியம் தண்ணீரில் கரைந்து ஓடும், நிலத்தடி நீருக்குள் போகும், புற்றுநோய் உண்டாக்கும். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்றின் வளாகத்தில் லட்சக்கணக்கான டன் கழிவு குவிந்து கிடந்து, மழைக்குக் கரைந்து மஞ்சள் நீராகக் கசிந்தது இந்த இரண்டாம் வகை. ஆகவே "குரோமியம் இவ்வளவு" என்று ஆய்வறிக்கை வந்தால் எந்த நிலை என்று கட்டாயம் கேளுங்கள்.

சல்பேட் வேடத்தில் வேருக்குள் வரும் ஆறாம் நிலைக் குரோமியத்தைப் பல செடிகள் வேரிலேயே மூன்றாம் நிலையாக மாற்றிவிடுகின்றன. 1998இல் வெளியான ஓர் ஆய்வு, எக்ஸ்-கதிர் கொண்டு ஊதாப் பூ பூக்கும் ஆகாயத்தாமரையைப் பார்த்து, அதன் மெல்லிய பக்கவேர்களில் இந்த மாற்றம் நடப்பதைக் காட்டியது. எனக்குத் தெரிந்து செடிகள் செய்யும் உதவிகளில் உண்மையிலேயே பெரியது இதுதான், ஏனென்றால் இங்கே உலோகம் இடம் மாறுவதோடு நிற்காமல் தீங்கு குறைந்த வடிவமாகவும் ஆகிறது. மாறியபின் பெரும்பகுதி வேரிலேயே நின்றுவிடும், இலைக்கு ஏறுவது சொற்பம். நெல்மணியில் ஏறுவது இன்னும் சொற்பம்.

மண்ணில் தொழு உரம், மக்கிய இலை நிறைய இருந்தாலும் ஆறாம் நிலை மூன்றாம் நிலையாக இறங்கும். நேர்மாறாக, மாங்கனீசு ஆக்சைடு உள்ள மண் காய்ந்து காற்றோட்டமாக இருந்தால் கொஞ்சம் திரும்பவும் ஆறாம் நிலைக்குப் போகலாம். ஒரு தடவை சோதித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது.

ஏரி நிறைய ஆகாயத்தாமரை. அது தண்ணீரைச் சுத்தம் செய்கிறது என்கிறார்களே, விட்டுவிடலாமா?

முதலில் பெயர்க் குழப்பம். சித்த மருத்துவ நூல்கள் ஆகாயத்தாமரை என்பது கோசுப்பூ போல மிதக்கும் பிஸ்டியாவை. ஊதாப் பூ பூத்து ஏரியை மூடும் தென்னமெரிக்கச் செடியை வெங்காயத்தாமரை என்பவர்களும் உண்டு. இன்று பேச்சில் இரண்டும் ஆகாயத்தாமரை ஆகிவிட்டன. இரண்டுமே உலோகத்தை நன்றாக உறிஞ்சும்.

விட்டுவிடலாமா என்றால், கூடாது. அதன் தூவல் போன்ற வேர்த் தொங்கல் உலோகத்தையும் மிதக்கும் சேற்றையும் வடிகட்டுவது உண்மை. ஆனால் ஓரிரு வாரத்தில் இரட்டிப்பாகும் செடி அது. முதிர்ந்தது அழுகி அடியில் இறங்கும்போது எடுத்ததையெல்லாம் ஏரிக்கே திருப்பிக் கொடுத்துவிடும், போதாததற்குத் தண்ணீரின் ஆக்சிஜனையும் தின்றுவிடும். வாரி வெளியே எடுத்தால்தான் சுத்தம். பலர் வாரிக் கரையில் போட்டுவிட்டுப் போகிறார்கள், அடுத்த மழையில் எல்லாம் திரும்ப ஏரிக்குள்.

முறையாகச் செய்த ஊர் ஒன்று உண்டு. கொல்கத்தாவின் கிழக்கே சுமார் 12,500 ஹெக்டேர் சதுப்புநிலத்தில் நகரத்தின் கழிவுநீரை வாங்கி மீன் வளர்க்கிறார்கள். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2002இல் சேர்ந்த இடம் அது. அங்கே மீனவர்கள் ஆகாயத்தாமரையைக் கரையோரம் பட்டையாக மட்டும் நிறுத்தி வைக்கிறார்கள். அலை கரையை அரிக்காமல் தடுக்கவும், வரும் நீரை வடிகட்டவும் அந்தப் பட்டை உதவுகிறது. அதற்கு மேல் பரவவிடாமல் கழிக்கிறார்கள். பாடப்புத்தகம் படித்து வந்த வழக்கம் இல்லை இது. துருவஜோதி கோஷ் என்ற பொறியாளர் அந்த மக்களிடமிருந்து கற்று உலகத்துக்கு எடுத்துச் சொன்னார்.

வாரி எடுத்ததை என்ன செய்வது? உரமாக்கலாமா? மாட்டுக்குப் போடலாமா?

ஊர்ச் சாக்கடை மட்டும் கலக்கும் ஏரி என்றால், சோதித்துவிட்டு உரமாக்கலாம். ஆலைக் கழிவு கலக்கும் ஏரி என்றால் காய்கறிக்கும் நெல்லுக்கும் வேண்டாம். மக்கும்போது செடியின் எடை குறையும், உலோகம் குறையாது, ஆகவே உரத்தில் செறிவு கூடும். சாண எரிவாயுக் கலனில் போட்டாலும் வாயு சுத்தமாக வரும், கழிவுக் குழம்பில் உலோகம் அப்படியே இருக்கும்.

மாட்டுக்குப் போடாதீர்கள். ஈயமும் காட்மியமும் பாலைவிட ஈரலிலும் சிறுநீரகத்திலும்தான் அதிகம் சேரும், அதனால் பால் நன்றாகத்தானே இருக்கிறது என்று ஏமாந்துவிடுவோம்.

திறந்தவெளியில் எரிப்பது எல்லாவற்றிலும் மோசம். பாதரசமும் ஆர்சனிக்கும் புகையோடு போகும். குரோமியம் உள்ள செடியோ தோல் துண்டோ எரியும்போது, தீங்கு குறைந்த மூன்றாம் நிலை மறுபடி ஆறாம் நிலையாகிச் சாம்பலில் தங்கிவிடலாம். வேர் பாடுபட்டுச் செய்ததைத் தீக்குச்சி ஒன்று அழித்துவிடும். ஆலைக் கழிவில் வளர்ந்ததை அபாயக் கழிவுக்கான பாதுகாப்பான புதைகிடங்குக்குத்தான் அனுப்ப வேண்டும்.

வெட்டிவேர் நட்டால் நல்லது என்கிறார்கள்.

நல்லதுதான். உப்பையும் உலோகத்தையும் தாங்கும், மூன்று மீட்டர் ஆழம்கூட வேர் போகும், உலோகத்தின் பெரும்பகுதியை வேரிலேயே வைத்துக்கொள்ளும். கழிவுமேட்டின் மண் காற்றில் பறக்காமல், மழையில் கரைந்து ஓடாமல் பிடித்து நிறுத்த இதைவிடப் பொருத்தமான செடி எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வேரைத் தோண்டி விற்கக் கூடாது. வெட்டிவேரை நாம் பானைத் தண்ணீரில் போடுகிறோம், எண்ணெய் எடுக்கிறோம், மருந்தில் சேர்க்கிறோம். கழிவுமேட்டு வேர் சந்தைக்கு வந்தால் அது எங்கே வளர்ந்தது என்று வாசனையை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

எங்கள் கழனியில் கடுகும் சூரியகாந்தியும் போட்டால் எத்தனை வருடத்தில் சரியாகும்?

இந்தக் கேள்விக்கு இனிப்பாகப் பதில் சொல்லும் பலரைப் பார்த்திருக்கிறேன். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு ஏக்கரில் மேல் 20 சென்டிமீட்டர் மண்ணின் எடை சுமார் 1,000 டன். ஒரு கிலோ மண்ணில் குரோமியம் 500 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் ஏக்கருக்கு 500 கிலோ குரோமியம். ஆண்டுக்கு 4 டன் உலர்ந்த செடி அறுக்கிறோம், அதன் ஒரு கிலோவில் 50 மில்லிகிராம் குரோமியம் ஏறியிருக்கிறது என்று தாராளமாகவே எடுத்துக்கொள்வோம். வெளியேறுவது ஆண்டுக்கு 200 கிராம். 100 கிலோ குறைக்க 500 ஆண்டுகள்.

காட்மியம் போல எளிதில் ஏறும் உலோகம், அதுவும் மண்ணில் கொஞ்சமாக இருந்தால் கணக்கு மாறும், சில பத்தாண்டுகளில் பலன் தெரியலாம். தண்ணீரிலிருந்து எடுப்பது மண்ணிலிருந்து எடுப்பதைவிட வேகம். 1990களில் செர்னோபில் அருகே ஒரு குளத்தில் மிதவைகளில் சூரியகாந்தி வளர்த்துக் கதிரியக்கச் சீசியத்தையும் ஸ்ட்ரான்சியத்தையும் இழுத்தார்கள். ஆனால் குரோமியமும் ஈயமும் ஊறிய கழனிக்கு "உறிஞ்சி எடுக்கும் பயிர்" என்று விதை விற்க வருபவரிடம் இந்த 200 கிராம் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அப்படிப்பட்ட நிலத்தில் செடியின் நியாயமான வேலை மண்ணைப் பிடித்து நிறுத்துவது. சாப்பிடாத, மாடு மேயாத மரப்பயிரோ வெட்டிவேரோ அதற்குப் போதும்.

தோல் ஷாப்புத் தண்ணீரின் உப்பையும் செடி எடுக்குமா?

இல்லை, சொல்லும்படியாக எடுக்காது. தோல் கெடாமல் இருக்கப் போடும் உப்பு டன் கணக்கில் தண்ணீரோடு வருகிறது. பாலாற்றுக் கிணறுகளைக் கெடுத்ததில் குரோமியத்தைவிட உப்பின் பங்கே பெரிது என்பது என் கருத்து.

நெல்லில் எது ஏறும்?

நெல்லுக்குச் சிலிகான் அதிகம் தேவை. வெள்ளம் நிற்கும் கழனியில் ஆர்சனிக், ஆர்சனைட் என்ற வடிவில் கரைந்து, சிலிகான் வாசல் வழியாகவே நுழைகிறது. ஜப்பானில் ஜியான் ஃபெங் மா குழுவினர் 2008இல் இதைக் காட்டினார்கள். ஆழ்குழாய்க் கிணற்றில் இயற்கையாகவே ஆர்சனிக் வரும் மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் நெல்லைப் பற்றிக் கவலைப்படுவது இதனால்தான். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் ஆர்சனிக் ஏறுவது குறையும். ஆனால் மண்ணில் காட்மியமும் இருந்தால், காயும் நேரத்தில் அது விடுபட்டு அதிகமாக ஏறும். ஒன்றைத் தடுக்கப் போய் இன்னொன்றை அழைத்துக்கொள்ளக் கூடாது, எந்த உலோகம் என்று தெரிந்தபின்தான் நீர் மேலாண்மை.

காட்மியம் எவ்வளவு செய்யும் என்பதற்கு ஜப்பானின் தொயாமா மாவட்டம் சாட்சி. ஜின்சு ஆற்றின் மேல்பகுதிச் சுரங்கத்திலிருந்து வந்த காட்மியம் பாசன நீரோடு கழனிக்குள் போனது. நெற்பயிர் நன்றாகவே விளைந்தது, அதுதான் கொடுமை. அந்தச் சோற்றைப் பல ஆண்டுகள் சாப்பிட்டவர்களுக்கு, குறிப்பாகக் குழந்தைகள் பெற்ற நடுவயதுப் பெண்களுக்கு, எலும்பு மெலிந்து இருமினால்கூட முறிந்தது. வலிக்கிறது, வலிக்கிறது என்று அவர்கள் அழுத சொல்லே நோயின் பெயரானது: இத்தாய் இத்தாய். 1968இல் அரசு அதை மாசினால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டது. கழனிகளின் மேல்மண்ணை மாற்றும் வேலை 2012இல்தான் முடிந்தது. செடி பச்சையாக இருப்பது நமக்குக் கொடுக்கும் தைரியம் பொய்யானது என்று நான் சொல்வதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டாம்.

எந்தக் கீரை, எந்தக் காய்க்குப் பயப்பட வேண்டும்?

கீரைகள்தாம் முதலில். காட்மியம் இலைக்கு எளிதில் ஏறும். வடிகால் ஓரங்களில் தானாக முளைக்கும் பொன்னாங்கண்ணி, வல்லாரை, வள்ளைக்கீரை ஆகியவற்றைப் பறித்து விற்பவர்கள் உண்டு. விற்பவரும் ஏழை, வாங்குபவரும் பெரும்பாலும் ஏழை. யாரையும் குறை சொல்ல மனம் வரவில்லை, ஆனால் ஆலைக் கழிவு ஓடும் கால்வாயில் பறித்த கீரையைக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லாமல் இருக்கவும் முடியாது. ஞாபகசக்திக்கு என்று வல்லாரை தருகிறோம். அதில் ஈயம் இருந்தால் குழந்தையின் மூளைக்குச் செய்வது நேரெதிர்.

அடுத்து முள்ளங்கி, கேரட், தாமரைக்கிழங்கு போன்ற மண்ணுக்குள் விளைபவை. தக்காளி, கத்தரி, வெண்டை, அவரை போன்றவற்றின் காய்க்குள் ஏறுவது பொதுவாகக் குறைவு. வேறு வழியில்லாமல் சந்தேகமான நிலத்தில் பயிரிட வேண்டியிருந்தால் கீரையை விட்டுக் காய்க்கு மாறுங்கள். பருத்தியும் பூச்செடியும் இன்னும் நல்லது. மண் புளித்திருந்தால் சுண்ணாம்பு இடுவது காட்மியத்தைக் கட்டிப்போடும்.

நன்றாகக் கழுவினால் போகாதா?

இலைமேல் படிந்த புழுதி போகும். ஈயத்தைப் பொறுத்தவரை அதுவே பெரிய பங்கு என்பதால் கழுவுவது வீண் இல்லை. ஆனால் இலைக்குள் பூட்டி வைத்தது கழுவினால் வராது. சோற்று ஆர்சனிக்குக்கு மட்டும் நம் பழைய பழக்கம் துணை செய்கிறது: நிறையத் தண்ணீர் வைத்துக் கொதிக்கவிட்டுக் கஞ்சியை வடித்தால், சோதனைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஆர்சனிக் வெளியேறியிருக்கிறது. உலை வைக்கும் தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும், கஞ்சியைக் குடிக்கவும் கூடாது. குக்கரில் தண்ணீரை அளந்து வைத்தால் எல்லாம் சோற்றிலேயே நிற்கும்.

மண்வள அட்டை வைத்திருக்கிறேன். அதில் எல்லாம் சரியாக இருக்கிறதே?

அந்த அட்டையில் பார்ப்பது தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், நுண்ணூட்டங்கள், உப்பு, கார அமில நிலை, கரிமம் ஆகியவை. ஈயம், காட்மியம், குரோமியம், ஆர்சனிக் அதில் கிடையாது. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கன உலோகம் என்று தனியாகக் கேட்டுச் சோதிக்க வேண்டும். மண், பாசன நீர், நீங்கள் சாப்பிடும் பாகம் மூன்றையும் ஒரே நாளில் எடுத்துக் கொடுங்கள். மண்ணில் நிறைய இருந்து கீரையில் இல்லாமல் இருக்கலாம், நேர்மாறாகவும் இருக்கலாம்.

செடிகளை வைத்தே சரிசெய்யலாம் என்றால் ஆலைக்குச் சுத்திகரிப்பு எதற்கு என்று ஒருவர் கேட்டார்.

எனக்குக் கோபம் வந்த கேள்வி இது. நாணலும் சம்பங்கோரையும் நட்ட செயற்கைச் சதுப்பு, நல்ல முறையில் சுத்திகரித்த நீரைக் கடைசியாக ஒருமுறை வடிகட்ட உதவும். அங்கேகூட உலோகத்தின் பெரும்பகுதியைப் பிடிப்பது செடி அல்ல. அடிச்சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் சல்பைடாக மாற்றி அங்கேயே படியவைக்கின்றன, செடியின் உடம்பில் இருப்பது சிறு பங்கு. அந்தச் சேற்றையும் ஒருநாள் யாராவது அள்ள வேண்டும்.

வேலூர் வட்டாரத் தோல் ஆலைகள் பற்றிய வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது, மாசுபடுத்தியவரே அதைச் சரிசெய்யும் செலவை ஏற்க வேண்டும் என்பது. நாடு முழுவதும் மேற்கோள் காட்டப்படும் அந்தத் தீர்ப்பு எங்கள் ஆற்றைப் பற்றியது. குரோமியத்தை ஆலைக்குள்ளேயே மீட்பது டன்னில் நடக்கும் வேலை. வெளியே விட்டபின் செடியை வைத்துப் பொறுக்குவது கிராமில் நடக்கும் வேலை.

எங்கள் பழைய கிணற்றுச் சுவரில் நீங்கள் சொன்ன ஆர்சனிக் பெரணி முளைத்திருக்கிறது. கிணற்றில் ஆர்சனிக் இருக்கிறது என்று அர்த்தமா? பிடுங்கிவிடவா?

அப்படி அர்த்தம் இல்லை. அதற்குப் பிடித்தது சுண்ணாம்பும் ஈரமும், அதனால் அங்கே முளைத்திருக்கிறது. சுத்தமான இடத்தில் அதன் இலையிலும் பெரிதாக ஒன்றும் இருக்காது. இருக்கட்டும், விட்டுவிடுங்கள். கிணற்று நீரைப் பற்றிச் சந்தேகம் என்றால் ஒரு பாட்டில் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள், பெரணியிடம் கேட்க வேண்டாம்.